சித்தியின் குதிகால்

என் தங்கைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பது ஒட்டுக் கேட்பதற்கு. அவளைக் கேட்டால் "மாநிலக் குற்றப் புலனாய்வு, கும்பல் குற்றங்கள் பிரிவு" என்று மூச்சு வாங்கச் சொல்வாள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒட்டுக் கேட்பது. சின்ன வயதில் இதே வேலையைக் கதவிடுக்கில் நின்று சும்மா செய்தவள்தான். அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டால் நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவள் எழுந்து போய்க் கதவில் காதை வைப்பாள். திரும்பி வந்து யார் எந்த வார்த்தையை எந்தக் குரலில் சொன்னார்கள் என்று அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பாள். அம்மா எத்தனையோ தடவை அந்தக் காதைப் பிடித்துத் திருகியிருக்கிறாள். திருகித் திருகித்தான் அது அவ்வளவு கூர்மையானது என்பது என் கட்சி.

நான் மூத்தவள். கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் நான் கடித்தாலும் என் கடைச் செருப்பு கடிக்காது.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பார்த்தால் போலீஸ்காரி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். பேருந்துக்கு வரிசையில் நின்றால் அவள் அங்கே நிற்பதே தெரியாமல் நாலு பேர் முன்னால் புகுந்துவிடுவார்கள். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள், அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டு வருகிறவளுக்குத் தேடிப் பிடித்தாலும் இப்படி ஒரு மாப்பிள்ளை அமையாது.

எனக்கு அவள் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் போன் செய்தால் "ம்", "சரி", "அப்புறம்", "வைக்கட்டுமா", இந்த நாலு வார்த்தையோடு முடித்துவிடுவாள். ஊரில் உள்ள ரவுடிகள் பேச்செல்லாம் இனிக்கிறது, கூடப் பிறந்தவள் பேச்சு மட்டும் வேப்பங்காயாகக் கசக்கிறதா என்று நேரிலேயே கேட்டிருக்கிறேன். "நாள் முழுக்க காதுல போனு மாட்டியே கெடக்குக்கா. வீட்டுக்கு வந்தா அதப் பாத்தாலே எரிச்சலா இருக்கு" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எனக்கு வலித்தது என்பதும் உண்மைதான்.

இனி சித்தப்பா கதைக்கு வருகிறேன். அவர் போன வருடம் சிறையிலேயே நோய்ப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் இதையெல்லாம் இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன்.

கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தர்கூட இல்லாத அந்த ஆளுக்கு ஊரே வைத்த பெயர் சித்தப்பா. மொத்த வியாபாரச் சந்தையில் எந்த லாரியில் யார் சரக்கு இறக்குவது, எந்தக் கடை திறக்கலாம், எது மூட வேண்டும் எல்லாம் அவர் இஷ்டம். குரலை உயர்த்த மாட்டார். "என்னப்பா, சித்தப்பாவ மறந்துட்டியா?" என்று ஆள் விட்டுக் கேட்பார். அப்படிக் கேட்டு அனுப்பினால் மறுநாள் அவர் பங்கு வீடு தேடிப் போய்விடும். என் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்த பூட்டுக்கடைக்காரர் மட்டும் "மறந்துட்டேன்னு சொல்லு" என்று பதில் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே கடை எரிந்தது. பட்டப்பகலில் எரிந்தது, பார்த்தவர்கள் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எரிந்த சாவிகளை அந்த மனிதர் வாளியில் அள்ளிக்கொண்டு போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைக்குத் தீ வைத்த பையன்களைப் போலீஸ் பிடிக்கும், அவர்களும் ஜாமீனில் வந்துவிடுவார்கள். சித்தப்பாவைக் கேட்டால் "யாரு இந்தப் பிள்ளைங்க? நான் பாத்ததே இல்லையே" என்பார். அந்தப் பையன்களோடு அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்ததை யாரும் நிரூபிக்க முடியாது. ஆகவே நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி அவர் வீட்டு போனை ஒட்டுக் கேட்கும் வேலையைச் சின்னவளிடம் கொடுத்தார்கள்.

மூன்றாவது மாடியில் சன்னல் கண்ணாடிக்குச் சாயம் பூசிய ஒரு அறை. மின்விசிறி போட்டால் பதிவில் இரைச்சல் விழும் என்று அதையும் போட மாட்டார்கள். வேர்க்க விறுவிறுக்க, தலையில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு திரும்பும்போது முடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இவ்வளவும் செய்தார்களே, சித்தப்பா அந்த போனைத் தொட்டால்தானே? ஒரு நாள்கூடத் தொடவில்லை. பேசியது அவர் மனைவி மட்டும். சித்தப்பா மனைவி ஊருக்குச் சித்திதானே, நானும் அப்படியே சொல்கிறேன். சித்தி தினமும் காலையில் தன் தங்கைக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசுவாள். பெரிய மீனுக்குப் போட்ட வலையில் அன்றாடம் விழுந்தது சித்தியின் குதிகால் வலி.

அந்தத் தங்கை வீடு ஒன்றும் வெளியூரில் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். தங்கை புருஷனிடம் லாரி இருக்கிறது. சித்தப்பா சரக்கை ஏற்ற மாட்டேன் என்று எப்போதோ ஒரு நாள் சொல்லிவிட்டார். அன்றோடு சித்தி அந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது, அவர்களும் இங்கே வரக் கூடாது என்று சித்தப்பா உத்தரவு போட்டுவிட்டார். போனில் பேசுவதை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்தார். இரண்டு பேரும் ஒரே மழையை இரண்டு சன்னல் வழியாகப் பார்த்தபடி "அங்க பெய்யுதா?", "பெய்யுதுக்கா" என்று பேசிக்கொள்வார்களாம்.

இதெல்லாம் சின்னவளுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஏனென்றால் தெரிந்திருக்கவே கூடாது. குற்றம் சம்பந்தப்பட்ட பேச்சை மட்டும்தான் கேட்கலாம் என்று நீதிமன்ற உத்தரவில் இருக்கிறது. வீட்டுப் பேச்சு, சொந்தப் பேச்சு என்று தெரிந்ததும் பதிவை நிறுத்திக் காதிலிருந்து கருவியை எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்க்கலாம், அப்போதும் சொந்தப் பேச்சு என்றால் மறுபடி எடுத்துவிட வேண்டும். என் தங்கை பதிவை நிறுத்துவாள், காதிலிருந்து மட்டும் எடுக்க மாட்டாள். "பாதியில விட்டா மனசு கேக்கலக்கா" என்றாள் பிறகு.

ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்து எனக்கு ஒத்தாசையாகப் பெட்டிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஒரு அம்மாள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வயதுக்கேற்ற நல்ல துணி, கழுத்தில் கனமாக நகை, முகத்தில் மட்டும் வாட்டம்.

"மெத்துன்னு ஏதாவது இருந்தா காட்டுங்கம்மா. ரொம்ப அழுத்தாம இருக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னக்கா, குதிகால் வலி இன்னும் விடலயா? வெந்நீர் ஒத்தடம் குடுக்கறேன்னு சொன்னீங்களே, குடுத்தீங்களா இல்லையா?"

என்னோடு ஒரு மாதமாகப் போனில் பேசியதைவிட இது அதிகம். எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. அடுத்த நொடி அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

சின்னவள் அந்த அம்மாளின் முகத்தை அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டைக் கண்காணிப்பது வேறு ஆட்கள் வேலை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குரல். தினமும் கேட்கிற குரல் பின்னாலிருந்து வந்ததும், பழகின மனுஷி என்று காது நம்பிவிட்டது, வாய் பேசிவிட்டது. திருடனைப் பிடிக்கப் போன எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக மாட்டியிருப்பார்கள். நலம் விசாரித்து மாட்டிக்கொண்டவள் என் தங்கை ஒருத்திதான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. தங்கை எதிலோ உளறிவிட்டாள் என்று மட்டும் புரிந்தது. மூத்தவள் என்று எதற்கு இருக்கிறேன், குறுக்கே புகுந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் தங்கச்சி அப்படித்தான். நடக்கறதப் பாத்தே கால் வலி எங்கேன்னு சொல்லிடுவா."

"நான் வந்து உக்காந்தப்புறம்தானே அவங்க பேசினாங்க? அந்தப் பக்கம் திரும்பில்ல நின்னாங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அப்படின்னா குரல வச்சு சொல்லியிருப்பா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதுதான் சத்தியமான உண்மை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த அம்மாள் சின்னவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காட்டிய முதல் செருப்பையே வாங்கிக்கொண்டு எழுந்தார். வெளியே காரின் கதவைத் திறந்துவிட்ட ஓட்டுநரைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த முரட்டு ஆளைக் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது.

திரும்பினால் சின்னவள் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி அது?"

"சித்தி."

"நமக்கு ஏதுடி சித்தி?"

"ஊருக்கே சித்திக்கா."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள், வேலை ரகசியத்தை வீட்டில் மூச்சுவிடாதவள்.

"அந்த வலி அவங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுக்கா. தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க, அதுவும் போன்ல. இனிமே யோசிச்சா புரிஞ்சுடும். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த சொன்னா போதும், அவர் கம்பி நீட்டிடுவார். மறுபடி கைக்கு வரவே மாட்டார். பூட்டுக்கடைக்காரர்கிட்ட நான்தான் போய் வாக்குமூலம் வாங்கினேன், பயப்படாதீங்க நாங்க இருக்கோம்னு சொல்லி. அவரு என்னக்கா ஆவாரு?"

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காத. நீ யார்கிட்டயும் சொல்லாத. அந்தம்மா காது மந்தம்னு நெனச்சுக்குவோம்."

"சொல்லணும்க்கா" என்றாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மிச்சப் பெட்டிகளையும் அடுக்கிவிட்டுத்தான் போனாள். அவளுக்கு ஒன்று பிடித்தால் பிடித்ததுதான்.

அவளுடைய அதிகாரிக்கு நான் வைத்த பெயர் சட்டப்புத்தகம். சாலையில் ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர், நடந்து போகும்போதுகூட. சின்னவள் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டாராம்.

"குதிகால் வரைக்கும் கேட்டிருக்க. இன்னும் என்னென்னம்மா கேட்ட?"

எல்லாவற்றையும் சொன்னாள். மழை பெய்ததையும் சொன்னாள். அவர் அதை முறையாக மேலிடத்துக்கு எழுதினார். மேலே என்ன முடிவு வருகிறதோ வரட்டும், அதுவரை போன் ஊமையாகிறதா என்று பார்ப்போம் என்றார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டார். இன்னொரு கருவியை அவரும் மாட்டிக்கொண்டார். சொந்தப் பேச்சு தொடங்கியதும் அவர் ஒரு விரலைத் தூக்குவார், அவள் கருவியை எடுத்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மறுநாள் காலை அந்த அறையில் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். வழக்கமான நேரத்துக்கு போன் பேசியது. "எப்படிடி இருக்க? எனக்கு இந்தக் குதிகால்..." என்று சித்தி ஆரம்பித்தாள். விரல் உயர்ந்தது, கருவி இறங்கியது. சித்தி வீட்டில் மூச்சுவிடவில்லை, தப்பித்தோம் என்று சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகும் தினமும் அதே கதைதான் என்று கடைக்கு வரும்போதெல்லாம் சின்னவள் சொல்வாள். சித்தி குதிகாலில் ஆரம்பிப்பாள், சட்டப்புத்தகம் விரலைத் தூக்குவார். இடையில் வைத்துப் பார்த்தால் தங்கை வீட்டுப் பல்வலி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியான வெயிலில் சித்தி மறுபடி என் கடைக்கு வந்தாள். வாங்கிப் போன செருப்பு கையில் இருந்தது. ஓட்டுநர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சிகரெட் பற்றவைத்தான்.

"இது கடிக்குதும்மா" என்றாள் சத்தமாக.

என் கடைச் செருப்பா கடிக்கிறது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துப் பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அவள் குனிந்து, உதடு அசையாமல் பேசினாள்.

"உங்க தங்கச்சிக்குக் காதுல ஏதாவது கோளாறாம்மா?"

எனக்கு வேர்த்துவிட்டது. "எந்தத் தங்கச்சி" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. அன்னைக்கே புரிஞ்சுடுச்சு. யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஸ்டேஷனுக்குப் போக முடியாது, அங்க பாதிப் பேரு இவரு ஆளு. அதான் போன்லயே சொல்லிட்டு இருக்கேன். பழைய ஐஸ் பேக்டரில எல்லாரும் கூடறாங்க, பூட்டுக்கடைய எரிச்ச பசங்களும் வர்றாங்க, இவரும் போறாரு, எல்லாம் விளக்கமா சொன்னேன். ஒரு ஈ காக்கா வரல. தொண்டத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்."

திருடன் மனைவி, ஒட்டுக் கேட்கிறவர்கள் ஒழுங்காகக் கேட்பதில்லை என்று புகார் சொல்ல வந்திருக்கிறாள். எந்த ஊரில் நடக்கும் இது? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போது என் கையில் இருந்த அவள் கால் நடுங்குவதை உணர்ந்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அவருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"அதக் கேக்காதீங்க." கண்ணாடிக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எனக்கு என் தங்கச்சி மூஞ்சியப் பாக்கணும்மா. அவ்வளவுதான். அவளுக்கு முடியெல்லாம் நரைச்சிடுச்சாம், போன்ல சொல்றா. எனக்கு அவள கறுப்பு முடியோடதான் தெரியும்."

நான் அழுகிற ஜாதி இல்லை. அவள் காலில் வேறு ஒரு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன், "போன எடுத்ததும் முதல்ல என்ன பேசுவீங்க?"

"நல்லாருக்கியான்னு கேப்பேன். அப்புறம் குதிகாலப் பத்தி. அது முடிஞ்சப்புறம் நடுவுல விஷயத்த சொல்லுவேன், அப்பதானே வீட்டுல யாருக்கும் சந்தேகம் வராது?"

"அங்கதாங்க கெட்டுது. வீட்டுப் பேச்சு ஆரம்பிச்சா அவங்க காத எடுத்துடணுமாம், சட்டம் அப்படியாம். விரலத் தூக்கறதுக்குன்னே பக்கத்துல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். அதனால எடுத்த எடுப்புல விஷயத்த போட்டு உடைங்க. குதிகால அப்புறம் பாத்துக்கலாம்."

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு மரியாத தெரிஞ்சவங்களா அவங்க?" என்றாள். அவள் வீட்டில் யாரும் அவள் பேச்சுக்கு அப்படி ஒதுங்கிப் போனதில்லை போலிருக்கிறது.

அப்புறம் எழுந்து நின்று, "இது பரவாயில்லம்மா, கடிக்கல" என்று ஓட்டுநருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை அவள் திருப்பிக் கொடுத்த செருப்பை நானே போட்டு நடந்து பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது.

சின்னவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள், எனக்கும் சேர்த்து விலங்கு வாங்கி வந்தாலும் வருவாள். மேலிடத்திலிருந்து அவளுக்கு என்ன தண்டனை வருமோ என்று வாத்தியார்கூட வாயைத் திறந்து என்னிடம் கவலைப்பட்டார். நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய விரதம் நான் இருந்ததில்லை.

சித்தி அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் போனை எடுத்தவள், நலம்கூட விசாரிக்காமல் ஒரே மூச்சில் சொன்னாள். "எடுத்த எடுப்புல சொல்லிடறேன், நாளைக்கு மத்தியானம் பழைய ஐஸ் பேக்டரி, பின்பக்கக் கதவு. இவரும் போறாரு, பூட்டுக்கடைய எரிச்சவங்களும் வர்றாங்க, அடுத்து எந்தக் கடைன்னு பேசறாங்களாம். அவ்வளவுதான் விஷயம். குதிகால அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் தங்கைக்காரி, "என்னக்கா, காலங்காத்தால நல்லாருக்கியான்னு கூடக் கேக்காம?" என்றாளாம்.

"ஆமா, நல்லாருக்கியா? சரி, இப்ப கால் வலியப் பேசலாமா?" என்றாளாம் சித்தி. சட்டப்புத்தகம் வழக்கம்போல விரலைத் தூக்கினார், மறு கையால் ஐஸ் பேக்டரி என்று எழுதிக்கொண்டிருந்தார் என்று சின்னவள் சொல்வாள்.

மறுநாள் பின்பக்கக் கதவு வழியாகவே போய் அத்தனை பேரையும் ஒரே மேசையில் வைத்துப் பிடித்தார்கள். "இந்தப் பிள்ளைங்க யாருன்னே தெரியாது" என்று சொல்லச் சித்தப்பாவுக்கு வாய்ப்பே இல்லை, தீ வைக்கிற பையன் ஒருத்தன் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பூட்டுக்கடைக்காரர் பயப்படாமல் வந்து சாட்சி சொன்னார். பதிவைப் போட்டுக் காட்டியபோது சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு, "பொம்பளைங்க வம்புப் பேச்சால கெட்டேன்" என்று புலம்பினாராம். கடைசி வரைக்கும் அவர் அதை வம்பு என்றே நம்பினார். அவள் வாய்க்குள் ஒரு மூளையும் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

பிடித்த அன்று மாலை சின்னவள் நேராக என் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"அக்கா, 'எடுத்த எடுப்புல', 'குதிகால அப்புறம் பாத்துக்கலாம்', இந்த மாதிரியெல்லாம் சித்தி முன்னாடி பேசி நான் கேட்டதே இல்ல. நேத்து ரெண்டும் பேசினாங்க. இது யாரோட பேச்சு மாதிரி இருக்குன்னு நெனைக்கற?"

"எனக்கென்னடி தெரியும்?"

"இந்தக் கடைக்கு அவங்க மறுபடி வந்தாங்களா?"

"வாடிக்கைக்காரங்க விவரத்த வெளிய சொல்ற வழக்கம் இங்க இல்ல. வேணும்னா உத்தரவு வாங்கிட்டு வா" என்றேன்.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் வாழ்க்கையில் கேட்டும் கேட்காத மாதிரி விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மேலிடமும் அவளை ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டது. இன்று அவள் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். யார் குரலைக் கேட்டாலும் முதலில் முகத்தைத் திரும்பிப் பார் என்பதும் பாடத்தில் உண்டாம். காரணம் மட்டும் சொல்ல மாட்டாளாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. சித்தப்பா உள்ளே போன அடுத்த விடுமுறை நாளில் சின்னவள் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. சித்தி உள்ளே வந்தாள். கார் இல்லை, நடந்தே வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி தலை முழுக்க நரைத்த இன்னொரு அம்மாள்.

"என் தங்கச்சிக்குச் செருப்பு வேணும்மா" என்றாள் சித்தி. "மெத்துன்னு."

"எனக்கு எதுக்குக்கா, உனக்குத்தானே வலி" என்றாள் அந்த அம்மாள். அந்தக் குரலைக் கேட்டதும் சின்னவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்தத் தடவை நன்றாகத் திரும்பி, இரண்டு முகத்தையும் பார்த்தாள். சித்தியும் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு அக்காவும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் எடுத்து வைத்த செருப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தி தங்கையின் முடியைக் கையில் எடுத்து, "இவ்வளவா நரைச்சிடுச்சு" என்றாள்.

சின்னவள் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நான் கொஞ்சம் வெளிய நிக்கறேன்க்கா" என்றாள்.

"ஏண்டி? இத்தன நாளா கேட்டவ நீ. இப்பதான் நேர்ல பேசறாங்க, இரேன்."

"சொந்தப் பேச்சுக்கா" என்றாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய், தெருவைப் பார்த்தபடி, கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொஞ்சம் கழித்து என் போன் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்தான், போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி, பத்தடி தூரத்துல நின்னுட்டு?"

"சும்மாதான்க்கா. நீ ஏதாவது பேசு, நான் கேக்கறேன்."

நான் பேசினேன். ஒரு காதில் அவள், மறு காதில் சித்தியும் தங்கையும். எனக்கு எந்த நீதிமன்ற உத்தரவும் கிடையாது, கடை என்னுடையது, அதனால் அவர்கள் பேசியதையும் ஒன்று விடாமல் கேட்டேன். சின்னவள் இன்றைக்கும் என்னவென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.